இறங்கும் நிறுத்தம்

செயலியில் ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது. அழுத்தினால், சக்கர நாற்காலி ஏறக்கூடிய தாழ்தளப் பேருந்து எங்கே வருகிறது என்று சொல்லும். "மேப் எங்க, டிக்கெட் எங்க? இத எப்படிம்மா வெளிய விடுறது?" என்று காலையில் முதலாளி கோதண்டராமன் கேட்டிருந்தார். "எல்லாத்தையும் கட்டி முடிச்சப்புறம் தப்புன்னு தெரிஞ்சா மொத்தமா இடிக்கணும் சார். ரெண்டு வாரத்துல செஞ்சத இன்னிக்கே ஒருத்தர் கையில கொடுத்துப் பார்ப்போம். அடுத்தது என்னன்னு அங்கதான் தெரியும்" என்றாள் செயலியை உருவாக்கும் குழுவை நடத்தும் புராடக்ட் மேனேஜர் ரெஜினா. "தெரியலன்னா?" "என் பொறுப்பு சார்."

இப்போது நிறுத்தத்தில் ரெஜினா பக்கத்தில் நிற்க, செயலியை முதலில் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்ட ஹசீனா தன் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி பொத்தானை அழுத்தினாள். பேருந்து முந்தைய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டதாகக் காட்டியது. சொன்னபடியே வந்தும் நின்றது. நடத்துனர் சாய்பலகையை இறக்க, ஹசீனா யாரையும் தொடவிடாமல் தானே சக்கரத்தைத் தள்ளி ஏறினாள். ரெஜினாவுக்குப் பெருமையில் முகம் மலர்ந்தது. உள்ளேயிருந்து ஹசீனா திரும்பினாள். "நான் எறங்குற எடத்துல ரோட்டத் தோண்டிப் போட்டிருந்தா? அத இது சொல்லுமா?"

அலுவலகத்தில் இந்தக் கேள்வியை யாருமே கேட்டதில்லை, ரெஜினா உட்பட. கதவு மூடுவதற்குள் அவள் தாவி ஏறிக்கொண்டாள். "சொல்லாதுங்க. வாங்க, சேர்ந்தே போய்ப் பார்ப்போம்." பிறகு குழுவை ஃபோனில் அழைத்தாள். "மேப்ப நிறுத்தி வைங்க. அடுத்த ரெண்டு வாரத்துக்கு வேற வேலை கிடைச்சிருக்கு."

ஹசீனா ஜன்னலோரம் நகர்ந்து, வரப்போகும் நிறுத்தங்களை ஒவ்வொன்றாக உற்றுப் பார்க்கத் தொடங்கினாள்.