தினம் ரெண்டு ஜாங்கிரி

கால் கிலோ ஜாங்கிரி என்று சொல்லிவிட்டு, அவள் கடை வாசலிலேயே நின்றாள்.

கேட்க வந்தது வேறு.

எதிர்ச் சுவரில் அவள் வீட்டுக்காரரின் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். மழையில் ஒரு மூலை உரிந்து தொங்கியது. தணிகாசலம், மின்வாரியம் ஓய்வு, வயது அறுபத்தொன்று. இன்றைக்கு முப்பதாம் நாள்.

அப்பாவுக்குப் பிடித்ததை இலையில் வைக்கணும் என்றாள் மகள் தமயந்தி. அவருக்குப் பிடித்தது எது என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார். இந்தக் கடையில் தினம் ரெண்டு ஜாங்கிரி.

அப்படிச் சொல்ல வைத்தவள், கடை வாசலில் நிற்கும் இவள்தான்.

போன வருஷம் ரத்தப் பரிசோதனையில் அவருக்குச் சர்க்கரை என்று வந்தது. அன்றிலிருந்து சமையலறை போலீஸ் ஸ்டேஷன் ஆனது. காலையில் இட்லி மூன்று. மதியம் சோறு ஒரு கரண்டி, மீதியெல்லாம் கீரையும் சுண்டலும். சாயங்காலம் கட்டாயம் நடை. துணைக்கு இருக்கட்டும் என்று அவளும் காபியில் சர்க்கரையை விட்டாள்.

எண்பத்து நாலு கிலோ இருந்தவர் மூன்று மாதத்தில் எழுபத்து மூன்று. தெருவே மூக்கில் விரலை வைத்தது. பெருமையில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் அந்த ரிப்போர்ட் வந்தது.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை அது. முந்தின மூன்று நாள் மட்டும் வாயைக் கட்டி அதை ஏமாற்ற முடியாது. ஏழு இருந்தது, ஒன்பதரை ஆகியிருந்தது.

எடை இறங்குகிறது. சர்க்கரை ஏறுகிறது. அதெப்படி?

நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து சொன்னாள். "உங்க வீட்டுக்காரரு தினம் சாயங்காலம் அந்த ஸ்வீட் கடை பெஞ்சுலதான் உக்காந்திருக்காரு."

போதாதா?

சட்டைப் பையைத் துழாவினாள். விரலை முகர்ந்து பார்த்தாள். ஊரிலிருந்து வந்த மாப்பிள்ளையின் முன்னால் நிற்கவைத்துக் கேட்டாள். இல்லை என்றார். இல்லவே இல்லை என்றார். அவள் நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஐந்தாம் நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அவர் ஒத்துக்கொண்டார். ஆமா, தின்னேன். தினம் ரெண்டு ஜாங்கிரி. இனிமே தொடமாட்டேன், விடு.

அவளும் விட்டாள். அன்றைக்கு ஒரு கரண்டி சோறு கூடுதலாகப் போட்டாள்.

அந்த வாரம் டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு வேகமாக எடை இறங்கியிருக்கக் கூடாதே, வயிற்றை ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று எழுத ஆரம்பித்தார்.

அவள்தான் தடுத்தாள். ஸ்கேன் எதுக்கு சார், அதான் அவரே ஒத்துக்கிட்டாரே.

டாக்டர் அவரைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றார்.

டாக்டர் எழுதியதை அடித்தார். மாத்திரையைக் கூட்டினார்.

நாலு மாதம் கழித்து அவர் கண் மஞ்சளாகியது. கணையத்தில் புற்று என்றார்கள். சர்க்கரை ஏறியதும் உடம்பு இளைத்ததும் அதனால்தான் என்றார்கள். கொஞ்சம் முன்னாடி பார்த்திருந்தால், என்று ஆரம்பித்த பெரிய டாக்டர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆசைப்பட்டதைத் தின்னுட்டாவது போனாரேம்மா என்று தமயந்தி அழுகிற போதெல்லாம் சொல்லித் தேற்றிக்கொள்வாள்.

இவளுக்கும் இப்போது அது ஒன்றுதான் வேண்டும். அவர் தின்றிருக்க வேண்டும். தினம் வேண்டாம், ரெண்டு வேண்டாம். ஒரே ஒரு நாள் தின்றிருந்தாலும், வீணாக அவரைக் கள்ளனாக்கவில்லை என்று இவள் தூங்குவாள்.

கடைக்காரர் பொட்டலத்தைக் கட்டி நீட்டினார். "அய்யா வீட்டம்மாதானே நீங்க? போஸ்டரப் பாத்ததுலேருந்து மனசே சரியில்லம்மா."

அவள் கேட்டுவிட்டாள். இங்கே வந்து அவர் என்ன சாப்பிடுவார்?

"சாப்பிடறதா? நல்லா கேட்டீங்க. முதுகு பிடிக்குது, காலு வரலன்னு உக்காருவாரு. ஒரு டம்ளர் தண்ணி குடிப்பாரு. அவ்ளோதான்."

ஒரு நாள் கூடவா?

"நானே ஒரு நாள் சும்மா ஒரு ஜாங்கிரி எடுத்து நீட்டினேம்மா. கையால கூடத் தொடல. வேணாம்ப்பா, எனக்காக வீட்ல அது காப்பிக்குச் சக்கரை கூடப் போட்டுக்கறதில்ல, அதுக்குத் துரோகம் பண்ண முடியாதுன்னுட்டாரு. அப்படி ஒரு மனுஷன் கிடைக்க நீங்க குடுத்து வச்சிருக்கணும்."

பாவம், ஆறுதலாகத்தான் சொன்னார்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அங்கிருந்து பார்த்தால் அவர்கள் வீட்டுக் கேட் தெரிந்தது. நடுவில் பத்துப் பன்னிரண்டு வீடு இருக்கும். அந்தத் தூரத்தைத் தாண்ட முடியாமல்தான் அவர் தினமும் இங்கே உட்கார்ந்திருக்கிறார்.

கடைக்காரர் கேட்காமலே ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

மடியில் போன் அடித்தது. தமயந்தி.

இலை போட்டாச்சும்மா, எங்க இருக்க? ஜாங்கிரி கிடைச்சுதா? அப்பா சாப்பிட்ட அதே கடைதானே?

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதே கடைதான்" என்றாள். "தினம் ரெண்டு தின்னாராம்."