செய்தவரே பறக்கவிட வேண்டும்

கம்பி கட்டிப் பறக்கவிடும் குட்டி விமானப் போட்டியில் மூன்று வருஷமாகக் கோப்பை வாங்கியவன் ராயபுரம் இக்னேஷியஸ். "எல்லாம் என் கையால செஞ்சது மாமு" என்று துறைமுகம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான்.

அறுபத்தெட்டாம் வருஷம் போட்டி விதி மாறியது. விமானத்தைச் செய்தவர்தான் பறக்கவிட வேண்டும். தான்தான் செய்தது என்று நடுவர் முன்னால் காட்டவும் வேண்டும்.

திருவொற்றியூர் மைதானத்தில் நடுவர் ஒரு மரத்தகட்டையும் பிளேடையும் நீட்டினார். "இறக்கைக்கு ஒரு சட்டம் வெட்டிக் காட்டுங்க."

இக்னேஷியஸ் தகட்டில் பிளேடை வைத்து அழுத்தினான். முதல் கீறலிலேயே தகடு பிளந்தது. துறைமுகத்துத் தோஸ்துகள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கையில அடிபட்டுக்கீது சார்."

"அப்ப உங்க விமானம் போட்டியில இல்ல."

இனி தப்ப வழியில்லை. "நான் செய்யல சார். என் சம்சாரம் டோரதி செஞ்சது" என்றான் தலையைக் குனிந்துகொண்டு. "பேஜாரு புடிச்ச ரூலு! எவன் சார் கேட்டான் இத்த?"

நடுவர் கோப்பிலிருந்து ஒரு மனுவை எடுத்துக் காட்டினார். அடியில் டோரதியின் கையெழுத்து இருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த டோரதி, அவனிடமிருந்து கம்பியின் கைப்பிடியை வாங்கிக்கொண்டாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கம்பி மேல பட்டுறப் போவுது."