நாலாவது ஓட்டை

ஒயரைப் பிடுங்கி மாற்றிச் செருக வளர்மதிக்குப் பத்து நொடி போதும். நைனா விட்டால்தானே.

அவள் மேசைக்கு அடியில் மண்டியிட்டிருந்தாள். மேலே நாற்காலியில் நைனா துரைக்கண்ணு, போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்துக்கொண்டு, நெட் ஆபீஸ் பெண்ணோடு இருபது நிமிடமாகப் பேசிக்கொண்டிருந்தார். மணி நாலு முப்பத்தைந்து.

கம்ப்யூட்டருக்கு விலாசம் கிடைக்கவில்லையாம். அதுதான் கோளாறு.

"மோடம்தான் கம்ப்யூட்டருக்கு ஒரு விலாசம் கொடுக்கணும் சார். அது கொடுக்கல. அதனால கம்ப்யூட்டர் தானாவே ஒண்ணு வெச்சுக்கிச்சு. அந்த விலாசம் வெளியில செல்லாது."

திண்டிவனத்திலிருந்து ஸ்பீக்கரின் கரகரப்பில் வந்த குரல் ஒவ்வொரு சொல்லையும் அளந்து வைத்தது.

"தானா வெச்சுக்கிச்சா? இன்னா திமிரு பாரு," என்றார் நைனா.

வளர்மதி பல்லைக் கடித்தாள்.

மோடத்தில் நாலு ஓட்டைகள். நாலாவது டிவிக்கானது. அதில் ஒயரைச் செருகினால் விளக்கு மட்டும் பச்சையாக எரியும், விலாசம் வராது. இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் அவள் தையல் வகுப்புக்குப் போயிருந்த நேரத்தில் கெட்டுப்போய், அவள் திரும்புவதற்குள் நைனாவே போனில் கேட்டுச் சரிசெய்திருந்தார். இனி யாரும் தவறிச் செருகக்கூடாது என்று போன வாரம்தான் நாலாவது ஓட்டையின் மேல் சிவப்பு டேப் ஒட்டினாள்.

இப்போது டேப்பைக் காணோம். ஒயர் நாலாவதில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

அம்மா பெருக்கும்போது துடைப்பத்தால் இழுத்திருப்பாள்.

"நைனா, நாலாவதுல இருக்குது. ஒண்ணாவதுல மாத்தினா..."

அவர் போனைக் கையால் பொத்தினார். "சும்மா இரு வளரு. உனக்கு இன்னா தெரியும்? அவங்க படிச்சவங்க, வரிசையா சொல்லுவாங்க."

படிச்சவங்க. இவளைப் பதினொன்றாம் வகுப்போடு நிறுத்தியது யாராம்?

அக்கா பூங்குழலி காலேஜுக்கு என்று கிளம்பி, தானே பார்த்துக்கொண்ட ஒருவனோடு போய்விட்டாள். அடுத்த திங்கட்கிழமை முதல் வளர்மதிக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அக்காவின் பெயரும் வீட்டில் இல்லை. இரண்டு வருடம் ஆகிறது.

என்ன அவசரம் என்று அவளால் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. வீட்டிலிருந்தபடியே ப்ளஸ் டூ எழுதுவதற்கான விண்ணப்பம், நைனாவுக்குத் தெரியாமல் நிரப்பியது, திரையில் காத்திருந்தது. 'அனுப்பு' என்பதை அமுக்குவதுதான் பாக்கி. திரையை அணைத்துவிட்டுச் சாப்பிட்டு வருவதற்குள் நெட் போயிருந்தது. இன்று ஐந்து மணியோடு கடைசி. நைனா வரும் சத்தம் கேட்டு, நெட் செட்டிங்கைத் திறந்து அதை மறைத்திருந்தாள்.

மோடத்தை அணைக்கச் சொன்னது குரல். அணைத்தாள். நூறு எண்ணச் சொன்னது. நைனா ஒன்று விடாமல் உரக்க எண்ணினார். போடச் சொன்னது. போட்டாள். விளக்கு பச்சையாக எரிந்தது. விலாசம் வரவில்லை.

நைனாவின் இந்தப் பாடெல்லாம் நெல் விலை பார்க்கவாம். அது அவர் போனிலேயே வருகிறது.

சமையலறையில் அம்மா சட்னியைப் பாதி அரைப்பில் விட்டு, மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கதவோரம் வந்து நின்றாள். மணி நாலு நாற்பத்தாறு.

"உங்க வீட்டு விலாசம் சொல்லுங்க சார், சரிபார்க்கணும்."

மூன்றாவது முறையாகக் கூப்பிடுகிற வீட்டுக்கு விலாசம் வேறா! வளர்மதிக்குத் தலையை மேசைக் காலில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"பதினாலு, சிங்கவரம் ரோடு, செஞ்சி."

"வாசல்ல முருங்க மரம் நிக்குமே, அந்த வீடுதானே சார்?"

"மரம் இல்லம்மா. முந்தாநேத்து காத்துல சாஞ்சிடுச்சு."

குரல் அளவெல்லாம் மறந்து ஒரே மூச்சில் வந்தது.

"ஐயோ, அம்மா அதுக்குக் கீழதான துணி காய வெக்கும்! அம்மாவுக்கு ஒண்ணும் ஆவலியே நைனா?"

வளர்மதியின் கை ஒயரின் மேல் அப்படியே நின்றது.

நைனா திரும்பி அம்மாவைப் பார்த்தார். "இல்ல. எதிர்லதான் நிக்குது. நல்லாத்தான் இருக்குது."

போனுக்குக் கண் இருப்பதுபோல் அம்மா தலையைத் தலையை ஆட்டினாள்.

"சரிங்க சார்." குரல் மறுபடியும் ஆபீசுக்குப் போய்விட்டது. "ஒயர் நாலாவது ஓட்டையில இருந்தா, எடுத்து ஒண்ணாவதுல போடச் சொல்லுங்க. விலாசம் வந்ததும் செட்டிங்கை மூடிடுங்க."

"கேட்டுச்சா? அவங்க சொல்லிட்டாங்க, இப்ப மாத்து," என்றார் நைனா.

மாற்றினாள். விலாசம் வந்தது. நைனா செட்டிங்கை மூடினார்.

அவள் மேசைக்கு அடியிலிருந்து எழுந்தபோது போன் பேச்சு முடிந்திருந்தது. திரையில் அவளுடைய போட்டோ, பெயர், தந்தை பெயர் துரைக்கண்ணு. அவர் ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டிருந்தார்.

மணி நாலு ஐம்பத்தி மூன்று.

அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து வளர்மதி பார்வையைத் தாழ்த்தினாள். அப்போதுதான் தெரிந்தது. அவருடைய சட்டைக் கையில், அவர் கண்ணுக்குப் படாத முழங்கைப் பின்பக்கத்தில், சிவப்பு டேப் ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்படியானால் அது துடைப்பத்தின் வேலை இல்லை.

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "அஞ்சு மணியோட கடைசின்னு போட்டிருக்குது. உக்காரு."

அவர் தாண்டிப் போகையில் அவள் டேப்பை அவருக்குத் தெரியாமல் உரித்தெடுத்தாள். உட்கார்ந்து 'அனுப்பு' என்பதை அமுக்கினாள். போய்ச் சேர்ந்தது.

டேப்பில் இன்னும் பசை இருந்தது. அதைச் சுருட்டி, மரம் இருந்த பக்கமாக ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள்.