அம்மாவீடு

“கரண்டு போயிட்டு வந்தா போதும், இதோட நெட் நம்பர் மாறிடுதாமே தம்பி! அப்புறம் வெளியூர்ல இருக்கிறவ எப்படிக் கண்டுபிடிப்பா?”

அலமாரி மேலிருந்த சின்னக் கறுப்புப் பெட்டியைக் காட்டிக் கேட்டார் குஞ்சிதபாதம்.

திருத்துறைப்பூண்டியில் இனியவன் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் கடைக்கு போன் செய்து, “ஆளை அனுப்பாதீங்க, நீங்களே வாங்க” என்று அழைத்திருந்தார். அவர் இருக்கும் நன்னிலத்தில் இல்லாத கடையா? பெரியவரின் கோபத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்ததால், அவர் முகத்தைப் பார்க்காமலே ஒயரைச் செருகினான் இனியவன்.

“வீட்டு நெட் நம்பர் அப்படித்தாங்க, மாறிக்கிட்டே இருக்கும். நிரந்தரமா ஒரு பேரு வெச்சிடலாம். நம்பர் மாறுறப்பல்லாம் பெட்டியே அந்தப் பேருக்குப் புது நம்பரைச் சொல்லிடும். பேரைத் தட்டினா எங்கேர்ந்தும் திறக்கும்.”

“அது போதும். என் பொண்ணு மதிவதனி பண்ணி வெச்ச பெட்டி. செத்துப்போன அவ அம்மா பேசினது, சிரிச்சது எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு.” குரல் தாழ்ந்தது. “என்னைக் கேக்காம கல்யாணம் பண்ணிக்கிட்டா. ‘இங்கேர்ந்து ஒரு துரும்பைக்கூட எடுக்காதே’ன்னு கத்திட்டேன். ரெண்டு வருஷமாச்சு.”

“பெட்டியையே குடுத்து அனுப்பிடலாமேங்க?”

“நல்லா சொன்னீங்க! குடுத்துட்டா அப்புறம் இந்த வீட்டை எதுக்கு நினைப்பா?”

இனியவன் தன் லேப்டாப்பைத் திறந்தான்.

“என்ன பேரு வெக்கலாம்ங்க?”

“மதிவதனி.”

தட்டிப் பார்த்தான். “அதை ஏற்கெனவே யாரோ எடுத்துட்டாங்க.”

“அதான் தெரியுமே!” என்றார் பெரியவர். மீசைக்குள் என்னவோ நெளிந்தது. “சரி, ‘அம்மாவீடு’ன்னு போடுங்க.”

இனியவன் ரௌட்டரை அணைத்துப் போட்டான். நம்பர் மாறியது. தன் போனில் அந்தப் பெயரைத் தட்டினான். திறந்தது. ஒரு வீடியோவை ஓடவிட்டான்.

“ஏய் மதி, தூறல் போடுதுடி! நெல்லை அள்ளு, நெல்லை அள்ளு!”

குஞ்சிதபாதம் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதி அவரிடம் நீட்டினான் இனியவன். “இதை உங்க பொண்ணுக்கு அனுப்பிடுங்க. நான் வர்றேங்க.”

அவர் சீட்டை மடித்து அவன் சட்டைப்பையிலேயே செருகினார்.

“வீட்டுக்குப் போய் நீங்களே அவகிட்ட குடுங்க. நேர்ல வர்றதுக்கு பாஸ்வேர்டெல்லாம் வேண்டாம்னும் சொல்லிடுங்க, மாப்பிள்ளை.”