காகிதக் கல்

நாடகக் குழுவுக்கு மேடைப் பொருள்கள் செய்யும் செண்பகவல்லி, காகிதக்கூழில் ஒரு கல் செய்து, சாம்பல் நிறம் பூசிக் காயவைத்தாள். மேடையின் பக்கக் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த கருங்கல் அதைப் பார்த்துச் சிரித்தது.

"ஊதினாலே பறந்துடுவே. நீயெல்லாம் ஒரு கல்லா?"

காகிதக் கல்லுக்கு முகம் வாடிவிட்டது.

அன்று மாலை நாடகத்தில், நாயகியை ஊரார் கல்லால் அடிக்கும் காட்சி வந்தது. காகிதக் கல் பறந்துபோய் அவள் நெற்றியில் பட்டது. அவள் அலறிக்கொண்டு சாய்ந்தாள். பார்த்தவர்கள் பதறி எழுந்துவிட்டார்கள். கதவோரம் இருந்த கருங்கல்லும் நடுங்கிப்போனது.

திரை விழுந்ததும் நாயகி சிரித்தபடி எழுந்து, காகிதக் கல்லைத் துடைத்துக் கதவருகே வைத்தாள்.

"அந்தப் பொண்ணுக்குப் பலமா பட்டுடுச்சா?" என்று கருங்கல் மெதுவாகக் கேட்டது.

"கிச்சுகிச்சு மூட்டின மாதிரி இருந்துச்சாம். நாளைக்கும் என்னையே வீசச் சொல்லியிருக்காங்க" என்றது காகிதக் கல்.