வலது பக்கம் ஆள் இருக்கு

விபத்தில் வலது கால் செயலிழந்த வெல்டருக்கு இன்சூரன்ஸ் பணம் தர முடியாது என்று கம்பெனி கைவிரித்துவிட்டது. வழக்கு கோர்ட்டுக்கு வந்தது.

"துணையே இல்லாம மாடி ஏறுறாருங்க. இதோ ஆதாரம்" என்று கம்பெனி வக்கீல், ஆள் வைத்து ரகசியமாக எடுத்த வீடியோவை ஓடவிட்டார்.

திரையில் வெல்டர் தன் வீட்டுப் படிக்கட்டில் ஏறினார். பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் அவருடைய வலது முழங்கையைப் பிடித்து, படிப்படியாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"துணை இல்லைன்னீங்க. இந்தம்மா யாரு?" என்றார் நீதிபதி.

வக்கீல் திரையை உற்றுப் பார்த்தார். "காலையில இதே வீடியோவைப் பார்த்தப்ப இவங்க இதுல இல்லைங்க!"

"என் வீட்டுக்காரிங்க" என்றார் வெல்டர்.

"சாட்சிக்குக் கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

"கூப்பிட்டா வர்ற ஆளில்லைங்க. அவளாத்தான் வருவா."

பின்வரிசையில் இருந்த மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா இறந்தது விபத்துக்கு முந்தின வருஷம். அப்பா நொண்டி நடந்ததை அம்மா பார்த்ததே இல்லை.

பணத்தை முழுசாகக் கொடுக்கும்படி தீர்ப்பானது.

கோர்ட் வாசலில் படி இறங்கும்போது மகள் அப்பாவின் வலது பக்கம் கை கொடுத்தாள்.

"அந்தப் பக்கம் வாம்மா. இங்க ஆள் இருக்கு."

அவருடைய சட்டையின் வலது கை, இறுக்கிப் பிடித்ததுபோல் முழங்கையருகே கசங்கியிருந்தது. மகள் இடது பக்கம் போனாள். மூவரும் மெதுவாக இறங்கினார்கள்.