காற்று மட்டும் போதும்

"வேற என்ன வேணும் டாக்டர்?"

"காத்து மட்டும் போதும்."

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு திங்கட்கிழமை, பாளையங்கோட்டை ரோட்டில் தாணுலிங்கம் அண்ணாச்சியின் டயர் கடையில் நடந்த பேச்சு இது. கேட்டவள் அண்ணாச்சியின் மகள் செல்லக்கனி. பதில் சொன்னவர் மாட்டு டாக்டர் இசக்கியப்பன். அதன் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவருடைய ஃபியட் வந்து நின்றது. இருவரும் இதே இரண்டு வரிகளைப் பேசினார்கள். மூன்றாவது வரி ஒன்று வரும் என்று செல்லக்கனி காத்திருந்தாள்.

வருகிற வெள்ளிக்கிழமை அவளைப் பெண் பார்க்க விளாத்திகுளத்திலிருந்து வருகிறார்கள். அதற்குள் அந்த வரி வந்தாக வேண்டும்.

இன்று டாக்டரைத் தவிர டயர் கம்பெனி இன்ஸ்பெக்டர் மதுசூதனனும் வந்திருந்தார். ஃபியட்டின் முன்சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டிய டயர் சார்," என்றார் அண்ணாச்சி. "ஒன்பதாயிரத்துல மொட்டையாயிட்டு. ரெண்டு வருசத்துல இது மூணாவது செட்டு. எனக்கே வெக்கமா இருக்கு. அதான் கம்பெனிக்கு எழுதுனேன்."

"எழுத வேண்டாம்னு நான் அப்பமே சொன்னேனே அண்ணாச்சி," என்றார் டாக்டர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. "எனக்கு ஒரு குறையும் இல்ல."

"பாத்தியளா சார், தங்கமான மனுசன். வேற ஆளா இருந்தா டயரைக் கழத்தி என் கழுத்துல மாட்டியிருப்பான்."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "உப்பளப் பக்கம் கரடுமுரடான ரோட்டுல ஓட்டுவீங்களா?"

"எப்பவாவது."

"அதிக பாரம்?"

"ஆத்தூர்ல ஒருக்க ஒரு கன்னுக்குட்டியை ஏத்துனேன். சின்னக் கன்னுதான்."

"சடார்னு பிரேக் போடுற பழக்கம்?"

"அவுகளா?" பில் மேஜையிலிருந்து செல்லக்கனியின் குரல் வந்தது. "குறுக்க கோழி வந்தாக்கூட நூறடிக்கு முன்னாலயே நிறுத்திட்டு, அது போற வரைக்கும் காத்துக்கிட்டு இருப்பாக."

அண்ணாச்சி திரும்பினார். "ஏளா, உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நம்ம வாசல்லதான்பா, கோழி வந்துச்சு." அவள் பில் புத்தகத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் டயரைத் தடவிப் பார்த்தார். "ஒரு ஓரம் மட்டும் தேய்ஞ்சா சக்கரம் நேரா இல்ல. நடுவுல தேய்ஞ்சா காத்து அதிகம். இதுல ரெண்டு ஓரமும் மொட்டை, நடுவுல புதுசு மாதிரி இருக்கு. காத்து கம்மி. இங்க யார் காத்தடிக்கிறது?"

"எம் மவதான். இங்கன வேலை பாத்தவன் துபாய்க்குப் போனதுல இருந்து அவதான் அடிக்கா. ஒரு பவுண்டு பிசகாது."

"அப்போ காத்தளக்கிற உங்க கேஜ்தான் தப்பு. எத்தனை வண்டிக்கு இப்படி அடிச்சீங்களோ. ஏஜென்சியை நிறுத்தச் சொல்லி ரிப்போர்ட் எழுத வேண்டியிருக்கும்."

அண்ணாச்சியின் முகம் சுருங்கிப்போனது. இருபது வருடத்து ஏஜென்சி. அந்த முகத்தைப் பார்த்த பிறகு செல்லக்கனியால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"கேஜ் சரியாத்தான் இருக்கு சார். மத்த வண்டிக்கெல்லாம் சரியாத்தான் அடிச்சேன். இந்த ஒரு வண்டிக்கு மட்டும் இருபத்துநாலு பவுண்டு வைக்க வேண்டிய இடத்துல இருபதுலயே நிறுத்திருவேன். ஒவ்வொரு வாரமும்."

"எதுக்குளா?" என்றார் அண்ணாச்சி.

அவள் கம்ப்ரஸரைப் பார்த்துச் சொன்னாள். "காத்து நிறைய இருந்தா மாசத்துக்கு ஒருக்க வந்தாப் போதும்னு இருந்துருவாகளே. அதான்."

டாக்டரின் கையிலிருந்த கண்ணாடி நழுவி, பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. அண்ணாச்சி மகளையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் மட்டும் அசையாமல், ஒரு தாளில் எதையோ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடிக்குதேம்மா. நாலு பவுண்டு கம்மின்னா இருபதாயிரமாவது ஓடியிருக்கும். ஒன்பதாயிரத்துல இப்படித் தேயணும்னா எட்டு பவுண்டு குறைஞ்சிருக்கணும். மீதி நாலு பவுண்டு எங்க போச்சு?"

செல்லக்கனி விழித்தாள். அவளுக்கும் தெரியவில்லை.

தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்த டாக்டர் தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

"மூணாவது மைல் தாண்டுனதும் வண்டியை ஓரங்கட்டி, வால்வுல தீக்குச்சியை வச்சு அழுத்தி நான்தான் காத்தை இறக்கிவிட்டேன். அடுத்த வாரம் வர ஒரு சாக்கு வேணும்லா?"

கண்ணாடி அகப்பட்டது. தண்ணீர் சொட்டச் சொட்ட அதை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார். அண்ணாச்சியின் முகம் சரியாகத் தெரியாததே அவருக்குத் தைரியமாக இருந்திருக்க வேண்டும்.

"அண்ணாச்சி, காத்து மட்டும் போதாது. உங்க மகளை எனக்குக் கட்டித் தருவியளா?"